பாய்ப்படகின் மங்கிய சாளரங்கள்

மும்பைத் துறைமுகத்தில் வைகாசி மாதக் கடைசியில் ஒரு காட்சியைக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று வந்து சேர்வதற்குள் சிறிய பாய்ப்படகுகளை ஒவ்வொன்றாகக் கரையேற்றிவிடுவார்கள். எட்டு மாத காலம் அலையில் ஆடிக்கொண்டிருந்த படகுகள் பாயும் கயிறும் களைந்து, மரக்கட்டைகளின்மேல் அமர்ந்து, தார்ப்பாய் போர்த்துக்கொண்டு மழைக்காலத்தைக் கழிக்கும். புரட்டாசியில் கடல் அடங்கிய பின்னரே அவை மீண்டும் நீரில் இறங்கும். இடைப்பட்ட நான்கு மாதமும் பழுதுபார்க்கும் காலம். அத்தகைய ஒரு மழைக்காலத்தில், சனியும் ஞாயிறுமாக, ஒரு பழைய பாய்ப்படகின் சாளரங்களைத் தேய்த்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதைப் பற்றித்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

கடலுக்கும் எனக்கும் தொழில்முறையில் யாதொரு சம்பந்தமும் இல்லை. மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன் நான். கையில் பேனாவைத் தவிர வேறு கருவியைப் பிடித்துப் பழக்கம் இல்லாதவன். எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரர் ஒரு மராட்டியப் பெரியவர். வணிகக் கப்பல்களில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டியவர். அவரிடம் இருபத்துநான்கு அடி நீளமுள்ள ஒரு பாய்ப்படகு உண்டு. கண்ணாடியிழையும் பிசினும் சேர்த்து வார்த்த உடல். கட்டி நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. "கைக்கு ஓர் உதவி வேண்டும், வர இயலுமா?" என்று அவர் கேட்டபோது, மரியாதைக்காகத்தான் சரி என்றேன்.

படகின் நடுவில் ஒரு சிறு அறை. நான்கு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். அறையின் இடப்பக்கம் இரண்டும் வலப்பக்கம் இரண்டுமாக நான்கு நீண்ட சாளரங்கள். உள்ளே நுழைந்ததும், ஈர வேட்டியைச் சுற்றிலும் கட்டி உலர்த்திய அறைக்குள் புகுந்தாற்போல் இருந்தது. வெளிச்சம் வருகிறது, உருவம் ஒன்றும் வரவில்லை. பக்கத்துப் படகு நிற்கிறது என்பது ஒரு நிழலாக மட்டும் தெரிந்தது. "இருபது வருஷமாக இவற்றை மாற்றவில்லை. மாண்ட்வாவுக்குப் போகும்போது எதிரே வரும் படகைப் பார்க்க ஒவ்வொரு முறையும் மேலே ஏறி வரவேண்டியிருக்கிறது" என்றார் நண்பர். மும்பையிலிருந்து மாண்ட்வா செல்லும் வழி, பெரிய கப்பல்களும் பயணிகள் படகுகளும் மீன்பிடிப் படகுகளும் குறுக்கும் நெடுக்குமாகப் போய்வரும் வழி.

நேயர்களில் பாய்ப்படகு உடையவர்கள் மிகச் சிலராகவே இருப்பீர்கள். ஆயினும் இந்த மங்கல் நோய் படகுக்கு மட்டும் உரியதன்று. உங்கள் மோட்டார் காரின் முகவிளக்கு, மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் தலைக்கவசத்தின் முன்தகடு, கூடத்தில் இருக்கும் மீன்தொட்டி, கைக்கடிகாரத்தின் மூடி ஆகிய எல்லாவற்றையும் அது பிடிக்கும். ஒன்றன் சிகிச்சை தெரிந்தால் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் வழி தெரியும். எங்கே வேறுபடும் என்பதையும் பின்னர்ச் சொல்கிறேன்.

முதல் நாள் வேலைக்கு நடுவே நண்பர், "உங்கள் பாஷையில் கிடக்கிக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளனிடம் இப்படிக் கேட்பது வினை. சன்னல் என்றேன், அது போர்ச்சுகீசியரின் 'ஜனேலா' என்பதும் சொன்னேன். பலகணி என்றேன், பல கண்களை உடையது. காலதர் என்றேன், கால் என்பது காற்று, அதர் என்பது வழி. அவர் சற்று யோசித்துவிட்டு, "இந்தச் சாளரங்கள் திறக்கமாட்டா, காற்று வராது. இப்போது கண்ணும் தெரியவில்லை. ஆகையால் போர்ச்சுகீசியர் கொடுத்த பெயரே இதற்குப் போதும்" என்றார்.

இச்சாளரங்களைக் கண்ணாடி என்று சொல்வது வழக்கம். ஆனால் அவை கண்ணாடி அல்ல. அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். 1930-க்குப் பிந்தைய பத்தாண்டில் இது பரவலாக வெளிவந்தது. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவரின் நிறுவனம் 1933-ல் இதற்குப் பிளெக்ஸிகிளாஸ் என்று பெயர் சூட்டியது. இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயரில் விற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் போர்விமானிகளின் தலைக்குமேல் கவிந்திருந்த கூண்டு இதனால் ஆனதே. எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. ஒளியில் நூற்றுக்கு 92 பங்கை உள்ளே விடுகிறது. அடித்தால் கண்ணாடிபோல் ஊசிச் சில்லுகளாகச் சிதறுவதில்லை.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் இல்லை. போரில் விமானக் கூண்டு உடைந்து அதன் துணுக்குகள் கண்ணில் பாய்ந்த விமானிகளை, லண்டன் மாநகரத்துக் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி பரிசோதித்தார். துணுக்கு கண்ணுக்குள்ளேயே தங்கியிருந்தும் கண் அதை எதிர்த்துச் சிவக்கவில்லை, வீங்கவில்லை என்பதைக் கண்டார். 1949-ல் கண்புரை நீக்கிய ஒரு கண்ணுக்குள் இதே வகைப் பிளாஸ்டிக்கால் செய்த சிறு வில்லையை வைத்தார். உலகெங்கும் இன்று நடக்கும் புரை அறுவைக்கு அதுவே தொடக்கம். நம் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992-ல் தொடங்கிய அரோலாப் என்னும் நிலையம் இத்தகைய வில்லைகளைக் குறைந்த விலையில் செய்து, ஏழைகளுக்கும் எட்டும்படி ஆக்கிற்று. கண்ணுக்குள் ஆயுள் முழுவதும் மங்காமல் இருக்கும் பொருள், படகின் பக்கத்தில் இருபது ஆண்டில் புரை பிடித்துப்போகிறது. பொருளில் குறை இல்லை. வெயிலும் உப்பும் நம்முடைய கைகளும் அதைப் படுத்தும் பாடுதான் காரணம்.

பழங்காலத்துக் கப்பல்களில் மேல்தளப் பலகையிலேயே துளையிட்டு, தடித்த கண்ணாடிப் பட்டகம் ஒன்றைப் பதித்து, கீழறைக்கு வெளிச்சம் கொண்டுவந்தார்கள். மரக்கப்பலுக்குள் எண்ணெய் விளக்கை ஏற்றுவதற்கு அஞ்சிய காலம் அது. கோவாவில் போர்ச்சுகீசியர் காலத்து வீடுகளைப் பார்த்தவர்கள், மரச்சட்டங்களுக்கு நடுவே சிப்பி ஓடுகளைத் தகடுகளாகப் பதித்த சாளரங்களைக் கண்டிருக்கலாம். அந்தச் சிப்பி பிறவியிலேயே பால்நிறம். உருவம் தெரியாது, வெளிச்சம் மட்டும் மெத்தென்று வரும். வெயில் மிகுந்த ஊருக்கு அது பொருத்தமே. நின்ற இடத்தில் நிற்கும் வீட்டுக்கு அது சரி. நகர்கின்ற படகுக்கு ஆகாது.

மங்கல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். வேலையில் இறங்கியபோதுதான் அது ஒரு நோயன்று, பல நோய்கள் என்று விளங்கியது. முதலாவது கீறல். காற்றில் வரும் உப்பு, தகட்டின்மேல் உலர்ந்து படிகமாகிறது. அதை உலர்ந்த துணியால் துடைக்கிறோம். துடைப்பதாக நமக்கு எண்ணம். உண்மையில் உப்புத்தாளால் தேய்க்கிறோம். கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத ஆயிரக்கணக்கான கீறல்களில் ஒளி சிதறுவதால் தகடு வெளுத்துத் தோன்றுகிறது. இரண்டாவது மயிர்வெடிப்பு. இது மேலே கிடக்கும் கீறலன்று. தகட்டுக்குள் இறங்கிய நுண்ணிய பிளவு. ஆண்டுக்கணக்கில் வெயில் காய்ந்ததும், திருகாணி இறுக்கிப் பிடித்ததும், காரமான திரவங்கள் பட்டதும் இதை உண்டாக்கும். மூன்றாவது மஞ்சளித்தல், இது பெரும்பாலும் வேறொரு பிளாஸ்டிக்கின் நோய்.

முதலாவதையும் இரண்டாவதையும் வேறுபடுத்தி அறிய நண்பர் காட்டிய சோதனை எளிது. தகட்டின்மேல் நீரை ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும் கணத்தில் சாளரம் தெளிந்துவிட்டால் நோய் மேல்தோலில் மட்டுமே இருக்கிறது. கீறல்களை நீர் நிரப்பிவிட்டதால் ஒளி சிதறாமல் போகிறது. நனைத்த பின்னும் வெண்மை மாறாமல், சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளிச் சரிகைபோல் கோடுகள் உள்ளே மின்னினால் அது வெடிப்பு. எங்கள் நான்கு சாளரங்களில் மூன்று நீர்பட்டதும் பளிச்சென்று தெளிந்தன. இடப்பக்கத்து முன்சாளரம் மட்டும் தெளியவில்லை. அதன் திருகாணித் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் சரிகைக் கோடுகள் கிளம்பி நடுப்பகுதி வரைக்கும் ஓடியிருந்தன.

மூன்று பிழைக்கும், ஒன்று ஐயத்துக்கு உரியது என்று தீர்மானித்து வேலையைத் தொடங்கினோம். அன்று பகலில் நான் செய்த காரியத்தால் இக்கணக்கு மாறியது. வலப்பக்கத்துப் பின்சாளரத்தின் ஓரத்தில் எப்போதோ ஒட்டிய நாடா ஒன்றின் பசை கருமையாக இறுகிக் கிடந்தது. நண்பர் உணவுக்காக வெளியே சென்றிருந்தார். கொட்டகையின் மூலையில் வண்ணம் கரைக்கும் தின்னர் ஒரு புட்டியில் இருந்தது. ஒரு துணியில் அதை நனைத்துத் துடைத்தேன். பசை அழகாகக் கழன்றுவந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு சில நிமிஷம் சென்று திரும்பிப் பார்த்தால், துளைகளைச் சுற்றிச் சிலந்திவலை பின்னியதுபோல் கோடுகள்! பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடு நகத்தளவு நீண்டது.

நண்பர் திரும்பி வந்து பார்த்தார். கோபிக்கவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு பென்சிலை எடுத்துப் பலகையில் படம் போட்டுக் காட்டினார். திருகாணி இறுகப் பிடித்திருக்கும் இடத்தில் தகடு எப்போதும் இழுபட்ட நிலையில் இருக்கிறது. பார்வைக்கு அது தெரிவதில்லை. தின்னர், அசிட்டோன், பெட்ரோல், ஸ்பிரிட்டு, அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் நீர் ஆகிய இவை எல்லாம் அந்த இழுபட்ட இடத்தில் புகுந்து பிணைப்பைத் தளர்த்திவிடும். தளர்ந்ததும் உள்ளே அடங்கியிருந்த இழுவிசை தன் வழியே பிளந்துகொண்டு போகும். "விரிசலை நீங்கள் உண்டாக்கவில்லை, இருந்ததை வெளியே கூப்பிட்டீர்கள்" என்றார். இது ஆறுதலுக்காகச் சொன்னது என்று அப்போது நினைத்தேன்.

பாக்கி இரண்டு சாளரங்களை மெருகேற்றிய விதத்தைச் சொல்கிறேன். முதலில் நல்ல தண்ணீர், ஏராளமாக. உப்புக் கரைந்து ஓடும்வரை ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும்; கை வைக்கக்கூடாது. பிறகு நீரில் துளி சவர்க்காரம் கலந்து, வெறுங்கையால் தடவிக் கழுவவேண்டும். துணியில் மணல் ஒளிந்திருந்தால் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதற்குப்பின் சட்டத்தைச் சுற்றிக் காகித நாடா ஒட்டிப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும்.

தேய்க்கும் தாளுக்குக் கடைத்தெருவில் வாட்டர் பேப்பர் என்று பெயர். நனைத்துத் தேய்க்கும் கறுப்பு நிற உப்புத்தாள். அதற்கு எண்கள் உண்டு. எண் ஏற ஏறப் பொடி நுண்மையாகும். ஆழமான கீறலுக்கு 400 அல்லது 600-ல் தொடங்கி, 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாக ஏறவேண்டும். இதில் உள்ள விபரீதம் என்னவென்றால், முதல் தாள் பட்டதும் சாளரம் முன்னிலும் பத்து மடங்கு வெளுத்துப்போகிறது. தெளிவைத் தேடி வந்தவன் வயிற்றில் புளியைக் கரைக்கும் கட்டம் அது. மங்கலை நீக்குகிறோம் என்பது உபசார வார்த்தை. ஒழுங்கற்ற பெரிய கீறல்களுக்குப் பதிலாக ஒழுங்கான சிறிய கீறல்களை இடுகிறோம், பிறகு அவற்றினும் சிறியவற்றை இடுகிறோம். ஒளியைச் சிதறச் செய்யாத அளவுக்கு அவை நுண்மையாகிவிட்டால் அதற்குத் தெளிவு என்று பெயர்.

ஒரு தாளுக்கு நெடுக்காகத் தேய்த்தால் அடுத்த தாளுக்குக் குறுக்காகத் தேய்க்கவேண்டும். முந்திய தாளின் கோடு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதை அப்போதுதான் காணமுடியும். நான் அவசரப்பட்டு 800-லிருந்து 1500-க்குத் தாவினேன். ஒரு மணி நேரம் தேய்த்த பிறகு, பளபளப்பின் ஆழத்தில் பழைய கோடுகள் அப்படியே கிடப்பதைக் கண்டு, மீண்டும் 1000-க்கு இறங்கினேன். தாளை ஒரு சிறு ரப்பர்க் கட்டையில் சுற்றிக்கொண்டு, முழுத் தகட்டையும் ஒரே சீராகத் தேய்க்கவேண்டும் என்பது இன்னொரு விதி. கீறல் உள்ள இடத்தை மட்டும் தோண்டினால் அங்கே குழி விழுந்து, சாளரத்தின் வழியாகப் பார்க்கும் பாய்மரம் பாம்புபோல் நெளியும்.

2000 முடிந்ததும் தகடு பனி படிந்த நிலையில் நிற்கும். அதன்பின் மெருகுப் பசை. படகுக்கடைகளில் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பசை உண்டு. கார் வண்ணத்துக்குப் போடும் நுண்ணிய பசையும் ஆகும். அதற்கு என் பழைய மல் வேட்டி ஒன்றைக் கிழித்தேன். பலமுறை துவைத்து மென்மையான பருத்தித்துணிக்கு ஈடு இல்லை. சுழலும் இயந்திரத்தால் மெருகிடுவதும் உண்டு. ஆனால் அக்ரிலிக் சுமார் 100 பாகை வெப்பத்தில் இளகத் தொடங்கும். இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்தினால் அந்த இடம் இழுபட்டு வடுவாகிவிடும். நண்பர் மெல்லச் சுழலவிட்டு, கையை ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருந்தார். உட்பக்கத்தில் உப்பின் தொல்லை குறைவாகையால் அங்கே 1500-ல் தொடங்கினாலே போதுமாயிருந்தது. ஒரு சாளரத்தின் இரு பக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு பகல் பிடித்தது.

இரண்டாவது சாளரம் தெளிந்த மாலையில்தான் வாக்குவாதம் எழுந்தது. நான் கெடுத்ததை மாற்றவேண்டும் என்பதில் ஐயமில்லை. செலவு என்னுடையது என்று முன்பே சொல்லிவிட்டேன். இடப்பக்கத்து முன்சாளரத்தை என்ன செய்வது? தேய்த்து மெருகிட்டால் பாதி தெளியும் என்றார் நண்பர். "இருபது வருஷம் நின்றது, இன்னும் இரண்டு வருஷம் நிற்காதா?" என்று கேட்டார். அந்தப் படகுத்துறையில் வேலை செய்யும் கொங்கணத்து மிஸ்திரி ஒருவர், அதுவரை வாயே திறக்காதவர், அருகில் வந்து சாளரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "சாஹேப், நின்றதெல்லாம் நிற்கிற நாளில் நின்றது. ஒரு அலை பக்கவாட்டில் விழுந்தால் இது உங்கள் மடியில் இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது மிகையன்று. காற்று வலுத்து, படகு ஒருபுறம் சாய்ந்து ஓடும்போது அந்தப் புறத்துச் சாளரங்கள் நீர்மட்டத்தை நெருங்கிவிடுகின்றன. அப்போது மோதும் அலையின் பாரம் முழுவதும் அந்தத் தகட்டின்மேல் விழும். தகடு உடைந்தால் இரண்டடி நீளத்துக்குப் படகின் பக்கம் திறந்துவிட்டது என்று பொருள். கீறல் கண்ணைத்தான் கெடுக்கும். வெடிப்பு உயிருக்கே ஆபத்து. தேய்த்து மெருகிடுவதோ தகட்டை இன்னும் சற்று மெலியச் செய்யும் காரியம். வெடித்த சாளரத்துக்கு மெருகு போடுவது, உளுத்த தூணுக்கு வர்ணம் அடிப்பதை ஒக்கும். நண்பர் அரைமனதோடு சம்மதித்தார். ஆறு திருகாணிகளைக் கழற்றி, பழைய அடைப்புப் பசையைக் கத்தியால் அறுத்து, மிஸ்திரி அந்தத் தகட்டை வெளியே எடுத்தார். எடுத்த கையிலேயே அது இரண்டு துண்டாயிற்று. யாரும் அதை அழுத்தவில்லை, வளைக்கவில்லை. நண்பர் இரு துண்டுகளையும் வாங்கிச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சென்ற ஏப்ரலில் பேரனை அந்தப் பக்கத்தில்தான் உட்கார வைத்திருந்தேன்" என்றார்.

புதிய தகடு வாங்க, பெயர்ப்பலகை செய்கிறவர்களுக்கு அக்ரிலிக் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் எந்தப் பெயரை எழுதவேண்டும் என்று கேட்டார். தகட்டில் இருவகை உண்டு: அச்சில் ஊற்றி வார்த்தது ஒன்று, உருளைகளின் வழியே பிதுக்கி எடுத்தது மற்றொன்று. விலை குறைவு என்று இரண்டாவதை வாங்கக்கூடாது; அறுக்கும்போதும் துளையிடும்போதும் வார்ப்புத் தகடே பொறுத்துக்கொள்ளும், வெடிப்புக்கும் எளிதில் இடங்கொடாது. உடைந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்து, அதையே மாதிரியாகக் கொண்டு அளவெடுத்தோம். தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் காப்புத்தாளை, வேலை முடியும்வரை உரிக்கலாகாது.

துளையிடுவதில்தான் பழைய சாளரங்கள் கெட்ட இரகசியம் இருக்கிறது. அக்ரிலிக் வெயிலில் விரியும் அளவு கண்ணாடியைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. மும்பை வெயிலில் சாளரம் மார்கழி விடியற்காலைக் குளிரைவிட 40 பாகை சூடேறும் என்று வைத்துக்கொண்டால், அறுபது சென்டிமீட்டர் நீளத் தகடு ஒன்றரை மில்லிமீட்டருக்குமேல் நீளும், இரவில் சுருங்கும். துளை திருகாணிக்கு அளவாக இருந்தால் தகடு எங்கே போகும்? ஒவ்வொரு பகலும் திருகாணியை முட்டி முட்டி, துளையின் விளிம்பில் பிளந்துகொள்ளும். ஆகையால் துளை, திருகாணியைவிட இரண்டு மில்லிமீட்டராவது பெரிதாக இருக்கவேண்டும். தலை கூம்பாக உள்ள திருகாணி ஆப்புப்போல் இறங்கித் தகட்டைப் பிளக்கும். தட்டையான தலையும் வளையமும் நல்லது. புதிய கூர்மையான துளையூசி பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுத்து உடைத்துவிடும் என்று, மிஸ்திரி அதன் முனையைச் சாணைக்கல்லில் சற்று மழுக்கிக்கொண்டார். கீழே மரப்பலகை வைத்து மெதுவாகத் துளைத்தார்.

அடைப்புக்கு, புளித்த காடி வாடை வீசாத சிலிக்கோன் பசையைத் தேர்ந்தோம். மரத்துக்கும் உலோகத்துக்கும் உதவும் பசைகள் சில பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பசை பிதுங்கி வருகிற அளவுக்குத்தான் திருகாணியை இறுக்கவேண்டும். முழுவதும் பிதுங்கிவிட்டால் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெத்தை இல்லாமல் போகும். கைக்கு வலிமை உண்டு என்பதைக் காட்டுவதற்கு இது இடமன்று. சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே இறுகுவது. ஒட்டும் பரப்பு மட்டும் உலர்ந்திருந்தால் போதும். மும்பை மழைக்காலம் மற்றவற்றுக்கெல்லாம் சத்துருவானாலும் இந்த ஒரு வேலைக்கு மித்திரன்.

காரின் முகவிளக்கைப் பற்றிச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். அது அக்ரிலிக் அன்று, பாலிகார்பனேட். 1953-ல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடித்த பிளாஸ்டிக். சுத்தியால் அடித்தாலும் எளிதில் உடையாது. ஆனால் மேல்தோல் மிக மென்மை, வெயிலில் மஞ்சளிக்கும். அதனாலேயே தொழிற்சாலையில் அதன்மேல் ஒரு காப்புப் பூச்சுப் போட்டு அனுப்புகிறார்கள். மங்கல் என்று நாம் காண்பது பெரும்பாலும் அப்பூச்சு சிதைந்து உரிவதையே. நான் சொன்ன முறைப்படி தேய்த்தால் பூச்சு முழுதும் போய் விளக்கு தெளியும். அடுத்த கோடையிலேயே முன்னிலும் மஞ்சளாகும். ஆகவே வெயிலைத் தடுக்கும் பூச்சை மறுபடியும் கட்டாயம் இடவேண்டும். இது தெரியாமல் பற்பசையால் தேய்த்துவிட்டு மகிழ்பவர்கள், நான் தின்னர் தொட்ட வகுப்பைச் சேர்ந்தவர்கள்.

பாய்ப்படகு என்றால் நமக்கு என்ன உறவு என்று எண்ணும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கோவாவைச் சேர்ந்த திவார் தீவில் கட்டிய தாரிணி என்னும் ஐம்பத்தாறு அடிப் பாய்ப்படகில், நமது கடற்படையைச் சேர்ந்த இரு பெண் அதிகாரிகள் 2024 அக்டோபர் 2-ல் புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29-ல் கோவாவுக்கே திரும்பினார்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. எங்கள் சாளரங்களோடு அவர்களுக்குச் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தப் படகு வந்து சேர்ந்த செய்தியைப் படித்தபோது, எட்டு மாத உப்புக்குப் பின் அதன் சாளரங்களை யார் தேய்ப்பார்கள் என்பதே எனக்கு முதலில் தோன்றிய நினைவு.

அக்டோபரில் நண்பரின் படகு நீரில் இறங்கியது. மாண்ட்வாவுக்கு நானும் போனேன். இம்முறை அறைக்குள் அமர்ந்தபடியே எதிரே வந்த மீன்பிடிப் படகையும், அதில் இருந்தவன் பீடி பற்றவைப்பதையும் பார்த்தேன். இரண்டு சாளரம் புதிது, இரண்டு பழையது. எவை எவை என்று பேரன் கேட்டான், சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது.

மெருகு நிலைக்க மூன்று வழிகளை நண்பர் ஏற்பாடு செய்திருக்கிறார். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் ஒரு குடம் நல்ல தண்ணீர்; மாதம் ஒருமுறை மெழுகு; துறையில் நிற்கும்போதெல்லாம் வெயில் படாமல் மூடிவைக்கத் தடித்த கான்வாஸ் உறை. நான்கு உறைகளையும் அவருடைய மனைவியார்தாம் தைத்துக் கொடுத்தார். ஒரு மழைக்காலம் முழுவதும் கண் தெரிவதற்காகத் தேய்த்துவிட்டு, மாதத்தில் இருபத்தாறு நாள் அதை மூடிவைக்கத் துணி தைக்கச் சொல்லும் இரண்டு ஆண்பிள்ளைகளை அவர் அதற்கு முன் கண்டதில்லையாம்.